டூட்டி நாள்

காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசித் தாளில் அரசு விடுமுறைகள் இருந்தன. மில்லில் அவளுக்கும் அவள் கணவன் சமுத்திரத்துக்கும் அந்த நாட்களில் மட்டும்தான் லீவு.

பொங்கலில் விரல் நின்றது.

மகள் மாரிச்செல்வி சென்னையில் மெட்ரோ ரயில் ஓட்டுகிறாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு பொங்கலுக்கும் ஊருக்கு வரவில்லை. ஊர் உலகத்துக்கு லீவு என்றால் அவளுக்கு வேலை.

பெற்றவளை எட்டிப் பார்க்காத பிள்ளை என்று தெருவில் பேச்சு. தாயின் காதுபடவே பேசினார்கள்.

மகளுக்குப் போன் போட்டாள்.

“யம்மா, காணும் பொங்கலுக்கா வாரிய? அன்னைக்கு எனக்கு டூட்டி. லீவே தரமாட்டாவ.”

“ஒன் லீவ யாருட்டி கேட்டா? நீ ஓட்டுததப் பாக்கணும். எந்த ஸ்டேஷன்ல நின்னா ஒன் மூஞ்சி தெரியும், அத மட்டும் சொல்லு.”

மாட்டுப் பொங்கலன்று இரவு பஸ் ஏறினார்கள். எதிரே சென்னையிலிருந்து, லீவு பிந்திக் கிடைத்தவர்களோடு இன்னும் வண்டிகள் வந்தன. இவர்கள் பஸ்ஸில் ஆளே இல்லை. சமுத்திரம் ஒரு சீட்டில் காலை நீட்டி ராஜா மாதிரி தூங்கினார்.

அவள் தூங்கவில்லை. தூக்கம் வருமா?

மறுநாள் காலை, பாலத்து மேல் ஸ்டேஷன். கடற்கரைக்குப் போகிற கூட்டம் பிதுங்கியது.

பிளாட்பாரத்தின் முன்முனையில் இருவரும் இடம் பிடித்தார்கள். மகள் கண்ணுக்குத் தப்பக்கூடாதென்று, பொங்கலுக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள்.

ஒரு ரயில் வந்தது. ஓட்டியது ஓர் ஆண்.

அடுத்தது. அதுவும் இல்லை.

அதற்கடுத்த ரயிலின் கண்ணாடிக்குப் பின்னால் மாரிச்செல்வி. நீலச் சட்டை, இறுக்கிப் பின்னிய தலை.

தொட்டுவிடும் தூரத்தில் வண்டி நின்றது.

சமுத்திரம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். “ஏ செல்வி! ஏட்டி!”

கதவுகள் திறந்தன. ஜனம் ஏறியது. கடைசிக் கதவில் ஒரு குழந்தையின் பலூன் சிக்கியது.

மாரிச்செல்வியின் கண் கதவுகளைக் காட்டும் திரையை விட்டு நகரவில்லை. பலூன் விடுபடும்வரை பார்த்தாள். கதவுகள் முழுதாக மூடும்வரை பார்த்தாள். பிறகு நேர் எதிரே, தண்டவாளத்தை.

ரயில் கிளம்பியது.

சமுத்திரத்தின் கைகள் மெல்ல இறங்கின. அவர் முகம் வாடிவிட்டது.

இடம் கிடைக்காமல் நின்றுவிட்ட பக்கத்துப் பெண், “நீங்களும் ஏறலயாக்கா?” என்றாள்.

“ஏறதுக்கு வரல. அந்த வண்டிய ஓட்டிட்டுப் போறது எம்மவ.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் ஊரில் தன் தெரு முழுக்கக் கேட்க வேண்டும் போல் உயர்ந்தது.

“பெத்த தாயும் தகப்பனும் இங்கன நிக்கோம்னு அவளுக்குத் தெரியும். அப்பமும் கதவ விட்டுக் கண்ணு திரும்பல, பாத்தியளா.”