மாமன் மடி

அன்புள்ள தங்கை செண்பகத்துக்கு,

பினாங்கு வந்து சேர்ந்துவிட்டோம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உறவினரைப் பார்க்க வருகிறவர்களை இங்கே வாசலில் ஒரு கருவி சோதிக்கிறது. இரு தரப்பும் பேசுவதைக் கேட்டு, உறவா அந்நியரா என்று அதுவே சொல்லிவிடும். அந்நியர் என்றால் வந்த விமானத்திலேயே திரும்ப வேண்டியதுதான்.

அம்மாவின் பெரியப்பா மகன் சங்கையா மாமா கண்ணாடிக்கு அப்பால் நின்றார். முதல் சந்திப்பு அல்லவா, அம்மா மரியாதையாகக் கைகூப்பினாள்.

"நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. அந்நியராம்! காவலர் எங்கள் பெட்டியைத் திருப்பினார்.

அம்மாவுக்கு அழுகையோடு ஆத்திரமும் பொங்கியது. "உன் மக கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொன்னியாண்ணே?"

மாமா என்னைக் காட்டிக் கண்ணாடியில் ஓங்கித் தட்டினார். "நீ மட்டும் ரொம்ப ஒழுங்கோ? இவனுக்குக் காது குத்தினப்ப யாரு மடியில உக்கார வச்சே? மாமன் நான் செத்தா போயிட்டேன்?"

பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மாமா அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போனதும், நாற்பது வயதைத் தாண்டிய என்னை மடியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சிரிக்காதே.

உன் அண்ணன்,
தவசி