தம்புசாமியின் குழி

தாத்தாவின் குழியைத் தோண்டச் சம்மதம் சொன்னது குடும்பத்திலேயே நான் ஒருத்திதான்.

அதனால் காலையிலிருந்து யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் பழைய தோட்டம் விற்றுப்போய்விட்டது. மயானம் இருக்கும் இடத்தில் கிடங்கு கட்டப்போகிறார்கள். புதைத்தவர்களை எடுத்துக் கிள்ளானில் வேறு இடத்தில் அடக்கம் செய்து தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

மற்றக் குடும்பங்கள் எலும்பை வாங்கிக்கொண்டு போய்விட்டன. எங்கள் ஆட்களுக்கு மட்டும் ஒரு பிடி மண் போதுமாம். பெரியவரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம்.

தோண்டித்தான் ஆக வேண்டும் என்றேன். பேரப்பிள்ளைகளில் ஒருவர் சொன்னால் போதும் என்றது கம்பெனி. என் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் தம்புசாமி என்றுதான் இருக்கிறது. அதை மாற்றக் குரு அண்ணனால் முடியவில்லை, பாவம்.

குரு அண்ணன் என் பெரியப்பா மகன். குடும்ப வரலாறு எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் எடுத்து வெளியிடப்போகிறார்.

கடல் தண்ணீர் உள்ளே வராமல் சேற்றில் கரை போட்டது, உப்பு மண்ணில் முதல் தென்னையை வைத்தது, எல்லாம் தாத்தா தம்புசாமிதான் என்று அழகாக எழுதியிருக்கிறார். தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை பேரன் பேத்திகள் என்று வம்ச மரம்கூடப் போட்டிருக்கிறார். அதில் என் அப்பாவைக் காணோம்.

கேட்டதற்குத் தாத்தாவின் கல்லறைக் கல்லைக் காட்டினார். கல்லில் தாத்தா இறந்தது 1943. என் அப்பா பிறந்தது 1945.

ஊர் அந்தக் கணக்கை அப்போதே போட்டுவிட்டது. பக்கத்து லயத்து வீட்டு இராமலிங்கத்தின் பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டது. அப்பா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தார், வேலைக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டார், செத்தும் போனார்.

பாட்டி நல்லம்மாள் யாரிடமும் கெஞ்சவில்லை. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவில்லை. யார் என்ன கேட்டாலும் குழியைத் தோண்டிப் பாருங்கள் என்பாள்.

குழியைத் தோண்டுவது பாவம் என்றார்கள் பெரியவர்கள். அவளைப் பேசியது மட்டும் பாவத்தில் சேராது போலிருக்கிறது.

இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் மண்வெட்டியோடு இறங்கினார். குரு அண்ணன் குழிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் இந்தப் பக்கம்.

உள்ளே எலும்பு இருந்தால் என் கதை முடிந்தது. அப்பாவின் கதையும்தான். பயமில்லாமல் நின்றேன் என்று சொன்னால் அது பொய்.

இடுப்பு ஆழம் போனதும் மண்வெட்டி எதிலோ மோதியது. குரு அண்ணன் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். தொழிலாளி குனிந்து கையால் சேற்றைத் துழாவினார். வெகுநேரம் துழாவினார்.

“கோசோங், காக்,” என்றார்.

காலியாம். எலும்பு எதுவும் இல்லை, கல்தான் கிடக்கிறது என்று கையை விரித்தார்.

கயிறு கட்டித் தூக்கினார்கள். சேறு வழிய வெளியே வந்தது ஓர் அம்மி. பின்னாலேயே குழவியும் வந்தது.

எலும்பு கரைந்திருக்கும் என்றார் தூரத்துச் சித்தப்பா ஒருவர். கரைந்த எலும்பு அம்மியாகவா மாறும் என்று கேட்டேன்.

அப்பா என்னிடம் சொல்லிவிட்டுப் போனதை அங்கேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். தாத்தாவின் முறை வருவதற்கு முதல் நாள், புருஷன் காலராவில் போய்விட்டான் என்று நல்லம்மாள் ஒப்பாரி வைத்தாள். காலரா என்றதும் ஒருவரும் கிட்டே வரவில்லை. பாயில் சுற்றி மூங்கிலில் கட்டியதை முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கிப்போன இரண்டு பேரும் கனத்தை நம்பினார்கள்.

தாத்தா ஆற்றோரத்து பாக்காவ் காட்டில், சதுப்பு மரங்களுக்குள் ஒளிந்திருந்தார். அவள் நண்டு பிடிக்கப் போகிற சாக்கில் மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பா வயிற்றில் இருந்தபோது தாத்தா காட்டுக் காய்ச்சலில் நிஜமாகவே போய்விட்டார். சண்டை முடிந்து அவள் வாயைத் திறந்தபோது காட்டுவதற்கு ஆள் இல்லை.

குரு அண்ணன் அம்மியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பாதானே குமுதா மண்ணு தள்ளினாரு? எட்டு வயசு. அழுது அழுது காய்ச்சல்ல படுத்தாராம். பெத்த புள்ளகிட்டகூடவா சொல்லக் கூடாது?”

“சொல்லியிருந்தா அழுதிருப்பாரா அண்ணே? அவரு அழுததப் பாத்துத்தான் ஜப்பான்காரன் திரும்பிப் போனான்.”

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். குழவியைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். பிறகு, பெரியப்பா தன் அம்மாவைப் பற்றிச் சொல்லி வந்ததை என்னிடம் மெதுவாகச் சொன்னார். இத்தனை வருஷமாக எங்கள் காதுக்கு வராமல் அவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த சங்கதி அது.

தாத்தாவைப் புதைத்த மறுவாரத்திலிருந்து பாட்டி தினமும் இராமலிங்கத்தின் வீட்டுப் பின்வாசலுக்குப் போவாளாம். கையில் மிளகாய்த் தட்டு இருக்குமாம். அரைத்து எடுத்துக்கொண்டுதான் வருவாளாம்.

எதற்குப் போகிறாள் என்று ஊரே கண்டுபிடித்துவிட்டது. அவள் வீட்டு அம்மி எங்கே போனது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.