முருங்கையின் காலடியில் ஒரு கோடு

"எவன் வந்து அளக்கப் போறான்?" என்று மனைக்காரர் எல்லையை ஒட்டியே அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். கோடு முருங்கைமரத்தின் காலடியில் ஓடியது.

"கடப்பாரை அண்ணே, நான் நிக்கிறேனே!" என்று பதறியது மரம்.

"கோடு போட்ட இடத்துல இறங்குறதுதான் என் வேலை," என்றது கடப்பாரை.

அந்நேரம் மனைக்காரர் தலையை நிமிர்த்தினார். பக்கத்து வீட்டு சன்ஷேட், எல்லை தாண்டி நீண்டதால் நகராட்சி ஆட்கள் இடித்துவிட்டுப் போனதில், கம்பி பல்லிளிக்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கோட்டை அழிங்கப்பா! சட்டப்படி விடவேண்டிய இடத்தை விட்டே கட்டுவோம்."

முருங்கைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "சன்ஷேட் அண்ணே, உங்க புண்ணியத்துல பிழைச்சேன்!" என்று கிளையை ஆட்டியது.

"அது கிடக்கட்டும்," என்று சிடுசிடுத்தது சன்ஷேட். "உன் கிளை எங்க எல்லைக்குள்ள வருது. முதல்ல அதை எடு!"