அத்தை செருப்பில் தேள்

"அத்த! காலை வைக்காதீங்க! செருப்புல தேளு!"

இன்பராஜ் போட்ட கத்தலில் அவன் மாமியார் ஆரோக்கியமேரி தூக்கிய காலோடு அப்படியே நின்றார். இடது செருப்பின் வார் ஓரமாகக் கன்னங்கரேலென்று ஒரு தேள், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவன் மனைவி கிறிஸ்டினா துடைப்பக்கட்டையோடு ஓடி வந்தாள். "தள்ளுங்க, ஒரே போடா போட்டுட்றேன்."

"அடிக்காதடி! தரையெல்லாம் கறையாயிடும்!" என்று தடுத்த இன்பராஜ், தேளை முறத்தில் தள்ளி வெளியே எடுத்துப் போனான். திரும்பி வரும்போது போர் முடித்து வருகிற நடை.

ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வாலாஜாபேட்டையிலிருந்து வந்த மாமியார், கத்திரி வெயில் தொடங்கியும் கிளம்பக் காணோம். அந்த ஆம்பூர் வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை, அதில்தான் ஏசி. அம்மாவும் மகளும் அங்கே போர்வை போர்த்தித் தூங்க, ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் நாளெல்லாம் மாதிரி ஷூவுக்குத் தோல் தைத்துவிட்டு வருகிறவன் ஹாலில் வெந்துகொண்டிருந்தான். பாவம், அவன் கேட்டதெல்லாம் அந்த ஏசிக்குக் கீழே ஒரு பாய் அளவு இடம்.

"இந்த வெயிலுக்கு இங்க தேளு ஜாஸ்தி, அத்த. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்கு பதில் சொல்றது? ஊருக்குப் போய்ட்டு மழை வந்ததும் வாங்களேன்."

ஆரோக்கியமேரி அசரவில்லை. அவரும் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனவர், யாரையும் சும்மா உட்கார விட்டுப் பழக்கமில்லை.

"எங்கிருந்து வருதுன்னு பாக்கணும் மாப்ள. பின்னாடி கெடக்குற செங்கல்ல எல்லாம் எடுத்து தூரப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இன்பராஜ் செங்கல் சுமந்தான். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்தபடி மேற்பார்வை பார்த்தார்.

அடுத்த தேள் அத்தையின் தலையணைக்கு அடியில் இருந்தது. அதையும் இன்பராஜே கண்டுபிடித்தான், அவனே முறத்தில் அள்ளினான். பலன் என்னவென்றால், சுவர் விரிசலுக்கெல்லாம் சிமென்ட் பூசி, பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு வலையும் அடிக்க வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டு மஹ்பூபி எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, ஒரே வேலையா இருக்கு?" அவன் மூச்சு வாங்கியபடி அடுத்த விரிசலுக்கு நகர்ந்தான்.

அதற்கடுத்த நாள் காலையில் அதிசயம் நடந்தது. ஆரோக்கியமேரி பரண் மேலிருந்த தன் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

"பதினோரு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறேன் மாப்ள. எத்தினி நாளு இருக்கறது?"

சந்தோஷப்பட வேண்டிய இன்பராஜுக்கு முகம் வெளிறியது. "இருங்க அத்த! நீங்க ஏன் கஷ்டப்பட்டு... நான் அடுக்கித் தர்றேன்!" என்று பாய்ந்தான்.

அதற்குள் பெட்டி திறந்துவிட்டது. மடித்து வைத்த புடவையின் மேல் ஒரு தேள்.

"ஐயோ அம்மா!" என்று கிறிஸ்டினா கட்டில் மேல் ஏறிக்கொண்டாள்.

ஆரோக்கியமேரி தேளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "இப்டி தேளு மேயற வீட்ல பொண்ண விட்டுட்டு எப்டி போறது? மழை வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

கிறிஸ்டினாவுக்கு வாயெல்லாம் பல். பெட்டி மறுபடியும் பரண் ஏறியது, ஏற்றியவன் இன்பராஜ்தான். அழாத குறையாக அவன் தேளை முறத்தில் தள்ளிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

பின்னாலேயே வந்த அத்தை முறத்துக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகள் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார்:

"மாப்ள, அடுத்த தேளுக்காவது கொடுக்குல நூல் தெரியாம தைங்க."