கழுதை நிற்கவில்லை

சாப்பாட்டு மணி அடித்ததும் ஐஸ் கம்பெனி ஆட்கள் மோட்டார் அறையின் சூடான சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள்.

"வாத்தியாரே, கழுதைய ஓட்டு" என்றான் லாரிக்காரன்.

வாத்தியார் என்பது கேலிக்கு வைத்த பெயர். தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். மற்றபடி அவரும் கொக்கி மாட்டி ஐஸ் பாளம் இழுக்கிற ஆள்தான். ஒரு பாளத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு கொக்கி. அவருக்கு ஜோடி அவர் மனைவியின் தம்பி.

சாப்பாட்டு நேரத்தில் அவர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது அட்டை போன ஒரு பழைய சாகச நாவல். பனிமலையைத் தாண்டப் போகிறவர்களின் மூட்டைகளைச் சுமக்கும் கோவேறு கழுதை ஒன்று அதில் வரும். கூட வருகிற கழுதை இடறி விழுந்தால் இதுவும் நின்றுவிடும். அடித்தாலும் அசையாது. விழுந்தது எழுந்த பிறகுதான் அடுத்த அடி வைக்கும். அதனாலேயே அது எல்லோருக்கும் செல்லம்.

இன்றைய பக்கத்தில் தீவனம் தீர்ந்திருந்தது. முதுகெல்லாம் புண். கூட வந்தது பனியில் சரிந்து விழுந்தது.

கழுதை நிற்கவில்லை. விழுந்ததைச் சுற்றிக்கொண்டு போனது.

"தூ! நாலு நாள் பட்டினி போட்டா புத்தி இப்படிப் போயிடுமா?" என்றான் லாரிக்காரன்.

"உன்ன ஒரு வேளை போட்டுப் பாத்தா தெரியும்" என்றான் மச்சினன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் வந்து நின்றார்.

காலையில் சரிவுப் பலகையில் ஒரு பாளம் நழுவி, லாரிக்காரன் காலுக்கு ஒரு சாண் தள்ளி நொறுங்கியிருந்தது. குளிரில் கை மரத்துச் செத்துப்போனவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். எந்தக் கொக்கி நழுவியது என்பது இழுத்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"வாத்தியாரே, நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. யாரு கை?"

வாத்தியார் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அவன் கைதான்."

சொன்ன பிறகு உள்ளே ஏதாவது வரும் என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சினன் அவரையே பார்த்தான். வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டு எழுந்தான். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உதறினான்.

"அக்காகிட்ட நானாதான் நின்னுட்டேன்னு சொல்லிடுங்க மாமா."

சூப்பர்வைசர் பின்னாலேயே போய்விட்டான்.

சாயங்காலம் மனைவியிடம் என்ன சொல்வது என்று வாத்தியார் யோசித்தார். அவன் சொன்னதையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"அப்புறம்?" என்றான் லாரிக்காரன்.

பக்கம் முடிந்திருந்தது. வாத்தியார் தாளின் ஓரத்தில் விரலை வைத்தார். தாள் விரலில் படுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே அவருக்குத் தெரிவதில்லை.

உள்ளங்கையால் தள்ளிப் புரட்டினார். அடுத்த வரியை எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார்.