யானை வைத்த பெயர்

தேசியப் பூங்காவின் காவலர்களுக்கு யானைப் பேச்சைத் தமிழில் சொல்லும் கருவியைக் கொடுத்ததிலிருந்து கெம்பிக்கு ஒரே வயிற்றெரிச்சல். மலைமேல் ஒரு பெண்யானை, அங்கே காவலராக இருக்கும் கெம்பியின் புருஷன் காளனுக்கு 'மெல்ல நடக்கிறவன்' என்று பெயரே வைத்திருக்கிறதாம். சோறு தின்னும்போதுகூட அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவளும் கூடவே போனாள்.

"எனக்கு என்ன பேரு வச்சிருக்கான்னு அவகிட்ட கேளு."

சோலை ஓரத்தில் நின்ற யானை தும்பிக்கையைத் தூக்கி இருவரையும் மோப்பம் பிடித்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து உறுமியது.

கருவி சொன்னது: "தினமும் இவன்மேல் வீசுகிற நாற்றம் நீதானா?"

காளன் பயந்துபோய் மனைவியைப் பார்த்தான். கெம்பி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பும்போது, தான் உடுத்திக் களைந்த சேலையில் ஒரு முழம் கிழித்து அவன் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"மேல குளிரும். கழட்டிராத."