கடக்காதவர்கள் கணக்கு

"நில்லுங்கம்மா! இது எத்தனாவது தடவை?"

பச்சைக் குடை பிடித்த அந்த அம்மாள் நின்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"எண்ணுறது உங்க வேலை தம்பி. என்னைக் கேட்டா எப்படி?"

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாநகராட்சி ஊழியருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு மேட்டுப் பகுதியில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்திருந்தார்கள். குறை சொல்ல முடியாத வீடுகள். ஆனால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை கண்ணி எல்லாம் எதிர்ப்பக்கம். நடுவே ஆறு வழிச் சாலை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் குடியிருப்போர் ஒரே குரலாகச் சிக்னல் கேட்டார்கள். "அங்கே யாருமே ரோட்டைக் கடக்கிறதில்லையே!" என்று பொறியாளர் கையை விரித்தார். ஒரே கூச்சல். கடைசியில், ஒரு நாள் எண்ணிப் பார்ப்பது என்று முடிவானது. மணிக்கு அறுபது பேர் கடந்தால் சிக்னல். இல்லையென்றால் இல்லை.

எண்ண வந்தவர்தான் இந்த ஊழியர். பஸ் இறக்கிவிட்ட இடத்திலேயே, அடுக்குமாடி வாசலில், நாற்காலியைப் போட்டுவிட்டார். ஓர் ஆள் கடந்தால் ஒரு கோடு. காலை எட்டு மணியிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுகிறார்.

வெயிலில் தொண்டை வறண்டது. கொண்டுவந்த தண்ணீர் பத்து மணிக்கே காலி. எதிரே ஒரு டீக்கடை. மூன்று முறை எழுந்து சாலையோரம் வரை போனார். 'வண்டி கொஞ்சம் குறையட்டும், அப்புறம் குடிச்சுக்கலாம்' என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

அப்போதெல்லாம் அந்தப் பச்சைக் குடை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. போகும், வரும். கால் மணி கழித்து மறுபடி போகும். கையில் ஒரு பைகூட இல்லை.

"பதினொரு தடவை போய்ட்டு வந்துட்டீங்க. ஒரே ஆளை இருபத்திரண்டு பேரா எழுதினா என் வேலை போயிடும்மா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கிறீங்களா?"

"மறைக்கிறவ பச்சைக் குடையைத் தூக்கிக்கிட்டா வருவா?"



அந்த அம்மாள் தையல்காரர். கீழ்த்தளத்து வீட்டிலேயே தைப்பவர், தையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். துணி அளவு எழுதும் சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"முதல் தடவை போனது மூணாம் மாடி வாத்தியாருக்காக. முட்டி வலி. எதிரே தெரியுற ஆஸ்பத்திரிக்கு வண்டி வச்சு ஊரைச் சுத்திக்கிட்டுப் போறார். ரெண்டாவது, சக்கர நாற்காலியில இருக்கிற பொண்ணுக்காக. மூணாவதும் நாலாவதும் ரெட்டைப் பசங்களுக்கு. பயந்துக்கிட்டு அவங்கம்மா பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புறதில்லை..."

"அவங்களே வந்து கடக்கட்டுமே!"

"கடக்க முடிஞ்சா சிக்னல் எதுக்கு தம்பி? கடந்தவங்களை நீங்க எண்ணுறீங்க. முடியாம வீட்டோட கிடக்கிறவங்களை யார் எண்ணுறது?"

ஊழியர் தாளையே பார்த்தார். அந்த அம்மாள் சொல்வது நியாயம்தான். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே.

"மன்னிச்சுக்குங்கம்மா. ஒரு ஆளுக்கு ஒரு கோடுதான்."

அந்த அம்மாளுக்குப் போட்டிருந்த மிச்சக் கோடுகளை அடித்துவிட்டார். மணிக்கு இருபது பேர்கூடத் தேறவில்லை.

அந்த அம்மாள் சண்டைக்கு வரவில்லை.

"அடிச்சுக்குங்க. உங்க பிழைப்பைக் கெடுக்க நான் வரலை. இன்னும் ஒரே ஒரு ஆள் பாக்கி. போய்ட்டு வந்துடுறேன்."

"அதான் எண்ண மாட்டேன்னு சொல்லிட்டேனே!"

குடை அதற்குள் சாலையில் இறங்கிவிட்டது. ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. குடை நடுவில் நின்றது, பின்வாங்கியது, ஓடியது. ஊழியர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை நேரம் கோடு போட்டவர், இப்போதுதான் ஆளைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது குடை மடங்கி அக்குளில் இருந்தது. கையில் ஒரு காகிதக் கோப்பை.

"பாதி ரோட்டுல சிந்திடுச்சு. ஆறுறதுக்குள்ள குடிங்க தம்பி."

"டீயா? எனக்கா?" ஊழியர் தடுமாறினார். "யாரோ ஒரு ஆள் பாக்கின்னு சொன்னீங்களே?"

"நீங்கதான் அது. மூணு தடவை எழுந்து ரோட்டோரம் வரைக்கும் வந்துட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்துட்டீங்களே! நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அந்த அரைக் கோப்பை டீ தொண்டையில் இறங்க, உடம்பெல்லாம் தெம்பு வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண் கலங்கிவிட்டது.

தாளின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருட வேலையில் ஒருநாளும் அதை அவர் தொட்டதில்லை.

"அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்கம்மா."

'சாலையைக் கடக்க முடியாதவர்கள்: பன்னிரண்டு பேர்' என்று தலைப்பிட்டு, முதல் வரியை எழுதினார்:

'ஒன்று: கணக்கெடுக்க வந்த நான்.'